கொயோட்டியைக் குரலால் அழைக்கும் விடியற்காலை வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் வெள்ளாடும் செம்மறியும் வளர்க்கும் பண்ணைகள் நிறைய உண்டு. குளிர்கால விடியலில் அந்தப் பண்ணைகளில் ஊதலாலோ ஸ்பீக்கராலோ அடிபட்ட முயல் போலவும் கொயோட்டி போலவும் குரல் எழுப்பி, கொயோட்டியை அருகே வரவழைத்து வேட்டையாடுவது பழைய பழக்கம். நான் அப்படிப் போய்வருவது தெரிந்து, டல்லாஸிலும் ஆஸ்டினிலும் இருக்கும் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்ட விவரங்கள் பெரும்பாலும் டெக்சாஸுக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

கொயோட்டி என்பது நம் ஊர் நரிதானே?

நெருங்கிய சொந்தம், ஆனால் வேறு விலங்கு. நாய், ஓநாய், நம் ஊர்க் குள்ளநரி எல்லாம் இருக்கும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. டெக்சாஸில் வளர்ந்த கொயோட்டி சுமார் 10 முதல் 16 கிலோ இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கூர்மையான பெரிய காதுகள், ஒடுங்கிய மூக்கு. ஓடும்போது வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும். தூரத்தில் ஓடுவது நாயா கொயோட்டியா என்ற சந்தேகம் வந்தால் முதலில் வாலைப் பாருங்கள்.

ஒரு காலத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளிலும் மேற்கிலும் மட்டும் இருந்த விலங்கு இது. ஓநாய்களை மனிதர்கள் ஒழித்துக்கட்டிய பிறகு அந்த வெற்றிடத்தில் பரவி, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களுக்குள்ளேயும் வாழ்கிறது.

நிலம் உங்களுக்கு அந்நியமாக இருக்காது. இங்கே காடாக வளர்ந்து கிடக்கும் மெஸ்கீட் மரம் நம் சீமைக் கருவேலத்தின் சகோதர இனம். சப்பாத்திக்கள்ளியும் புதர் புதராக இருக்கிறது. ராமநாதபுரத்துக்காரர் ஒருவரை இங்கே இறக்கிவிட்டால் குளிர் மட்டும்தான் புதிதாக இருக்கும்.

இதை ஏன் சுட வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆடுகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவிலேயே முதலிடம் டெக்சாஸுக்கு. வெள்ளாடு, செம்மறி இரண்டிலும் அப்படித்தான். குட்டி போடும் காலத்தில் கொயோட்டி பழகிவிட்ட மந்தைக்கு இழப்பு அதிகம். பண்ணைக்காரர் வேட்டைக்காரரை வரவேற்பதற்கு அதுதான் முதல் காரணம்.

தோல் இன்னொரு காரணமாக இருந்தது. குளிர்கால ஜாக்கெட்டின் தலைமூடி ஓரத்தில் வைத்துத் தைக்க மேற்கத்திய கொயோட்டியின் தோலுக்கு நல்ல கிராக்கி இருந்தது. கனடா கூஸ் நிறுவனம் விலங்கு ரோமத்தைக் கைவிடப்போவதாக 2021இல் அறிவித்தது. இன்று தோலுக்காக மட்டும் போகிறவர்கள் குறைவு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மந்தைக்குத் தொந்தரவும் இல்லை, தோலை உரித்துப் பயன்படுத்தும் எண்ணமும் இல்லை என்றால் சுடக் கூடாது. சட்டம் அனுமதிக்கிறது என்பது போதுமான காரணம் ஆகாது.

எத்தனை சுட்டாலும் எண்ணிக்கை குறைவதில்லை என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. ஆண்டுக்கு 75 விழுக்காட்டைக் கொன்றால்கூட ஒரு பகுதியில் கொயோட்டியை ஒழிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 1975இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இடம் காலியானால் பக்கத்திலிருந்து இளசுகள் வந்து நிரப்பும். இரை தாராளமாகக் கிடைத்தால் ஈற்றில் பிழைக்கும் குட்டிகளும் கூடும்.

எனவே குரல் கொடுத்து வேட்டையாடுவது இனத்தைக் கட்டுப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆடு குட்டி போடும் பருவத்துக்குச் சற்று முன்னால், அந்த மந்தையைச் சுற்றித் திரியும் விலங்குகளை மட்டும் குறிவைத்தால் அந்தப் பண்ணைக்கு அந்த ஆண்டு பலன் உண்டு. அவ்வளவுதான் இதன் எல்லை. நீண்ட காலத் தீர்வு காவல் விலங்குகள்தான். கிரேட் பைரனீஸ் என்ற பெரிய வெள்ளை நாயைக் குட்டியிலிருந்தே மந்தையோடு சேர்த்து வளர்க்கிறார்கள். கழுதையையும் லாமாவையும் காவலுக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

லைசென்ஸ் வேண்டுமா?

டெக்சாஸில் கொயோட்டிக்குத் தனி வேட்டைக் காலம் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. தனியார் நிலத்தில் ஆண்டு முழுவதும் அனுமதி. ஆனால் வேட்டை லைசென்ஸ் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் படிப்பையும் முடித்திருக்க வேண்டும். கால்நடையைத் தாக்கும் கொயோட்டியைச் சுடும் நில உரிமையாளருக்கு விலக்கு உண்டு. விருந்தாளியாகப் போகிற நீங்கள் அதை நம்பிப் போகாதீர்கள்.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். குடியேறா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாணவர் விசாவுக்கும் இதே விதி. துப்பாக்கி உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நண்பரின் ரைஃபிளை வாங்கிப் பிடித்தாலே சிக்கல்தான். இதற்கு உள்ள விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்தக்கூடியது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது.

எனவே முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. லைசென்ஸ் காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். ஒரு காலை வேட்டைக்காகக் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

யாருடைய நிலத்தில் வேட்டையாடுவது?

டெக்சாஸில் பெரும்பகுதி நிலம் தனியாருக்குச் சொந்தம். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வேட்டையாடுவது இங்கே கடுமையான குற்றம். மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்தாக ஒரு பட்டை அடித்திருந்தால், ‘உள்ளே வராதே’ என்ற பலகைக்குச் சமம். சாலையில் நின்று சுடுவதும் கூடாது.

அனுமதி கேட்கப் போகும்போது பகலில், துப்பாக்கி இல்லாமல் போங்கள். எந்தக் கேட்டைத் தாண்டினாலும் திறந்திருந்ததைத் திறந்தே விட வேண்டும், மூடியிருந்ததை மூடியே விட வேண்டும். காவல் நாய்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன, வேறு யாராவது அன்று மான் வேட்டைக்கு வந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் கேட்காமல் நான் உள்ளே கால் வைப்பதில்லை.

ஏன் விடியற்காலை?

இரவெல்லாம் இரை தேடிவிட்டு, பகலில் ஒதுங்கும் இடத்துக்குக் கொயோட்டி திரும்பும் நேரம் அது. சரியாக வயிறு நிறையாதது இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த காலையில் காற்று அடங்கியிருப்பதால் சத்தமும் தூரம் போகும். விடியலில் அவை கூட்டமாக ஊளையிடுவது இன்னொரு வசதி, எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். ஆனால் எண்ணிக்கையை அதிலிருந்து கணக்கிடாதீர்கள். இரண்டே கொயோட்டிகள் குரலை மாற்றி மாற்றிக் கத்தி ஒரு பட்டாளம் போலத் தோன்றவைக்கும்.

எந்த மாதம் நல்லது?

இலையுதிர் காலத்தில் அந்த ஆண்டுக் குட்டிகள் தாய் தகப்பனை விட்டுப் பிரிந்து அலையும். அனுபவம் இல்லாதவை, முயல் சத்தத்துக்கு ஓடிவரும். ஜனவரி, பிப்ரவரியில் இணை சேரும் பருவம். அப்போது ஊளைக்கு மதிப்பு அதிகம். தோலும் நடுக் குளிர்காலத்தில்தான் அடர்த்தியாக இருக்கும்.

சினைக்காலம் சுமார் 63 நாள். ஏப்ரல் வாக்கில் வளையில் குட்டிகள் இருக்கும். அதிலிருந்து கோடை முடியும் வரை நான் அழைப்பதில்லை. தாய் செத்தால் வளைக்குள் இருக்கும் குட்டிகளும் பட்டினியில் சாகும். மந்தையில் பலி விழுந்து பண்ணைக்காரர் கூப்பிட்டால் அது வேறு விஷயம். பொழுதுபோக்குக்குப் போகிறவருக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

காற்றைப் பற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் வேட்டை அங்கேதான் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. புதியவர்கள் எந்த ஊதல் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆனால் நீங்கள் வண்டியை நிறுத்திய இடமும் நடந்து வந்த வழியும் உட்கார்ந்த திசையும் சரியாக இருந்தால், சுமாரான ஊதலுக்கே கொயோட்டி வரும். அவை தவறாக இருந்தால் என்ன ஊதினாலும் வராது, வந்தாலும் நீங்கள் பார்க்கும் முன்பே திரும்பிவிடும்.

கொயோட்டி காதால் கேட்டதை நம்பி நேரே வந்துவிடாது. சத்தம் வந்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு, அதற்குக் காற்றுக்கீழ்ப் பக்கமாக, அதாவது காற்று அடித்துச் செல்லும் பக்கமாக, சுற்றிவந்து மோப்பம் பிடித்துப் பார்க்கும். மனித வாடை பட்டதும் கதை முடிந்தது. வாடையை மறைக்கும் திரவம் என்று கடையில் விற்பதை நான் நம்புவதில்லை.

அதனால் அது எங்கிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால், காற்று உங்களுக்குக் குறுக்கே வீச வேண்டும். இடமிருந்து வலம் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானிக் ஸ்பீக்கரை இடப்பக்கம், காற்று வரும் திசையில், முப்பது நாற்பது மீட்டர் தள்ளி வையுங்கள். கொயோட்டி ஸ்பீக்கருக்குக் காற்றுக்கீழே சுற்றும்போது உங்கள் வாடையைத் தொடும் முன்பே உங்கள் முன்னால் உள்ள வெட்டவெளியைக் கடந்தாக வேண்டும். அங்கேதான் உங்கள் வாய்ப்பு. வலப்பக்கம் புதர் அடர்ந்து பார்வைக்கு மறைவாக இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். இருவர் போனால் ஒருவர் ஷாட்கன்னோடு காற்றுக்கீழ்ப் பக்கத்தைக் காவல் காக்கலாம்.

இன்னொரு நுணுக்கம். சூரியன் ஏறும் முன் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். வெயில் பட்டதும் அது மேலே ஏறத் தொடங்கும். காற்றே இல்லை என்று தோன்றும் விடியலில் குன்றின் மேல் உட்கார்ந்தால், உங்கள் வாடை மெல்ல ஓடைப் பள்ளத்தை நிறைத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் மாவுப்பொடியைக் காற்றில் உதறிப் பாருங்கள், தெரியும்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரக்கை மேட்டுக்குப் பின்னால் மறைவாக நிறுத்துங்கள். கதவை அறைந்து சாத்தாதீர்கள், பேசாதீர்கள், மேட்டின் முகட்டில் வானத்தை முதுகுக்கு வைத்து நடக்காதீர்கள். இருட்டில் டார்ச் வேண்டுமென்றால் தரையைப் பார்த்து மட்டும். நூறு மீட்டர் கூடுதலாக நடக்க நேர்ந்தாலும் காற்றுக்கு ஏற்ற வழியில்தான் போக வேண்டும்.

ஊதலா, எலக்ட்ரானிக் கருவியா?

ஊதலில் தொடங்குங்கள் என்பேன். விலை குறைவு, பேட்டரி வேண்டாம், சத்தத்துக்கு உயிர் கொடுக்கலாம். ஊதலில் இரண்டு வகை. ஒன்றில் அதிரும் தகடு உள்ளே மூடியிருக்கும். ஊதினாலே முயல் கத்துவது போல வரும், கற்பது எளிது. மற்றொன்றில் தகடு வெளியே தெரியும். உதட்டை நுனியில் அழுத்தினால் கீச்சுக்குரல், உள்ளே தள்ளி அழுத்தினால் கனத்த குரல். அதே ஊதலில் எலியும் முயலும் கொயோட்டிக் குட்டியும் கொண்டுவரலாம். கடும் குளிரில் எச்சில் உறைந்து தகடு ஒட்டிக்கொள்ளும், அதனால் சட்டைக்குள் வைத்திருங்கள்.

எலக்ட்ரானிக் கருவியின் பெரிய லாபம், கொயோட்டியின் கவனம் உங்கள் மேல் இல்லாமல் ஸ்பீக்கர் மேல் இருப்பது. ரிமோட்டில் இயங்கும். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பெயர் வேட்டைக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும்.

இந்தக் கலையில் டெக்சாஸுக்குத் தனி இடம் உண்டு. மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்னம் சகோதரர்கள், மர்ரியும் வின்ஸ்டனும், தகப்பனாரிடம் கற்ற வித்தையை வைத்து ஊதல்கள் செய்து நாடெங்கும் விற்றார்கள். வேகோவின் ஜானி ஸ்டூவர்ட் உண்மையான விலங்குக் குரல்களைப் பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிட்டார். இன்றைய ரிமோட் கருவிகளுக்கு முன்னோடி அந்தத் தட்டுகள்தான்.

உட்கார்ந்த பிறகு எந்த வரிசையில் அழைப்பது?

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு புதருக்கு முன்னால், அதன் நிழலில் உட்காருங்கள். பின்னால் ஒளிந்தால் நீங்கள்தான் பார்க்க முடியாது. முகமூடி, கையுறை போட்டு, ரைஃபிளைத் தாங்கு குச்சிகளில் வைத்து, தோளருகே தயாராக்குங்கள். பிறகு நாலைந்து நிமிடம் சும்மா இருங்கள். நீங்கள் நடந்து வந்த சலசலப்பு அடங்க வேண்டும்.

ஜனவரியில் என்றால் நான் தனிக் கொயோட்டியின் நீண்ட ஊளை ஒன்றிரண்டு கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அப்புறம் அடிபட்ட முயலின் கதறல், முதலில் சன்னமாக. பக்கத்திலேயே ஒன்று படுத்திருக்கலாம், எடுத்த எடுப்பில் அலறவிட்டால் மிரளும். முக்கால் நிமிடம் ஊதி, இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி, மறுபடி கொஞ்சம் சத்தமாக. சாகப் போகிற முயலுக்கு மூச்சு வாங்கும், குரல் உடையும், இடையில் அடங்கிப் போகும். அந்தப் பதற்றம் ஊதலில் வர வேண்டும். ஒரே சீராக ஊதினால் இயந்திரம் போல இருக்கும்.

பதினைந்து நிமிடம் ஆகியும் ஒன்றும் இல்லையென்றால் கடைசியாகக் கொயோட்டிக் குட்டி அடிபட்டுக் கத்தும் குரல். பசிக்கு வராதது இதற்கு வரும். முயலுக்கு இரை தேடி வருகிறது. குட்டியின் குரலுக்கும் ஊளைக்கும் தன் எல்லையையும் குடும்பத்தையும் காக்க வருகிறது. இருபது நிமிடம் வரை இருந்துவிட்டு, எழுவதற்கு முன் சுற்றிலும் ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். பலரும் சீக்கிரம் எழுந்துதான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கொயோட்டி தென்பட்டால் அசையாதீர்கள். அது புதருக்குப் பின் மறையும் கணத்தில் துப்பாக்கியைத் திருப்புங்கள். நெருங்கியதும் வாயால் ‘வ்வூஃப்’ என்று ஒரு குரைப்பு, ஒரு நொடி நிற்கும். சுட்ட பிறகும் துள்ளி எழாதீர்கள். குட்டிக் குரலைத் தொடர்ந்து கொடுத்தால் கூட வந்த இணை திரும்பிப் பார்க்க வருவதுண்டு.

ஒன்றுமே வரவில்லையே?

அதுதான் வழக்கம். பல இடங்களில் உட்கார்ந்தும் வெறுங்கையோடு திரும்பும் காலைகள்தான் அதிகம். அடுத்த இடம் குறைந்தது ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும், திறந்த சமவெளியில் இன்னும் தூரம். ஒரே இடத்தில் வாராவாரம் அழைத்தால் அங்கே உள்ளவை அந்தச் சத்தத்தைப் படித்துவிடும். சில வாரம் விட்டுவிட்டு, வேறு குரலோடு வாருங்கள். பலத்த காற்றடிக்கும் நாளில் வீட்டில் தூங்குவதே நல்லது.

என்ன துப்பாக்கி?

.223 ரெமிங்டன் தோட்டாவுக்கான ரைஃபிள் புதியவருக்குப் போதும். வெட்டவெளியில் தூரம் அதிகம் என்றால் .22-250. புதர்க்காட்டில் 12 கேஜ் ஷாட்கன். பெயர்களைவிடப் பழக்கம் முக்கியம்: தாங்கு குச்சியில் வைத்து நூறு, இருநூறு மீட்டரில் சுட்டுப் பழகிவிட்டு வாருங்கள். குறி உறுதியில்லை என்றால் சுடாதீர்கள். அடிபட்டு ஓடிய விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் கடமை. குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். முகட்டில் வானம் பின்னணியாக நிற்கும் விலங்கைச் சுடவே கூடாது. வேலி தாண்டும்போது தோட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் முயல் சத்தத்தைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரரும் பதுங்கி வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

வேறு விலங்குகள் வந்தால்?

வரும். பாப்கேட் பூனை சத்தமில்லாமல், நின்று நின்று வரும். சாம்பல் நரி வரும். மான் வரும். கழுகும் ஆந்தையும் முயல் என்று நினைத்துப் பாய்ந்து வருவதுண்டு. அவை கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. நியூ மெக்சிகோ, அரிசோனாவில் 1998 முதல் மீண்டும் காட்டில் விடப்பட்ட மெக்சிகன் ஓநாய்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர் கொயோட்டிக்கும் ஓநாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் ‘கொயோட்டி மாதிரி’ என்பது போதாது.

நோய் பயம் உண்டா?

வெறுங்கையால் தொடாதீர்கள். சொறி, உண்ணி, குடற்புழு எல்லாம் இருக்கும், ரேபிஸும் சாத்தியம். தெற்கு டெக்சாஸில் 1988இல் கொயோட்டிகளிடையே நாய்வகை ரேபிஸ் பரவியது. 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரைகளைத் தூவி அதை அடக்கினார்கள். பொதுச் சுகாதாரத்தில் நான் மிகவும் மதிக்கும் வெற்றிகளில் ஒன்று அது. ஆனாலும் பகலில் தள்ளாடி நடக்கும், மனிதரைக் கண்டு பயப்படாத கொயோட்டியிடம் நெருங்காதீர்கள். உரிக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம்.

கொயோட்டி வேட்டைப் போட்டிகளில் கலந்துகொள்ளலாமா?

டெக்சாஸில் நடக்கின்றன. அதிக எண்ணிக்கைக்குப் பரிசு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கலிஃபோர்னியா 2014இல் பரிசுப் போட்டிகளைத் தடை செய்தது. பிறகு வெர்மான்ட், நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ என்று பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. எண்ணிக்கைக்காகச் சுட்டுக் குவிக்கும் படங்களைப் பார்க்கிற பொதுமக்கள், ஆட்டுக்காரரின் நியாயமான தேவையையும் சேர்த்தே வெறுக்கத் தொடங்குகிறார்கள்.

துப்பாக்கி இல்லாமல் பார்க்க மட்டும் வரலாமா?

தாராளமாக. கேமராவும் பைனாகுலரும் போதும், இருபது மீட்டருக்குள் வந்து நிற்கும் கொயோட்டியைப் பார்க்க வேறு வழி இல்லை. அப்போதும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், குட்டிக் காலத்தில் அழைக்கக் கூடாது, ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யக் கூடாது.

இதைத் தமிழ்நாட்டில் நரியிடம் செய்து பார்க்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குள்ளநரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேட்டையாடுவதும் பிடிப்பதும் குற்றம். நரியைப் போலவே ஊளையிட்டு அதை வரவழைக்கும் திறமை நரிக்குறவர் சமூகத்தில் தலைமுறைகளாக இருந்தது. அது பதிவு செய்யப்பட வேண்டிய அறிவு. அந்தப் பெரியவர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் அவர்களிடம் பேசி, குரலைப் பதிவு செய்து வையுங்கள்.